விட்டுப்போன ஒன்றரை ஏக்கர்

பாகலூரிலிருந்து அணைக்குப் போகிற வழியில், கெம்பம்மாவின் ஒன்றரை ஏக்கரில் ஆறு வருடமாக மழை பெய்வதில்லை. வரப்பு வரை வரும், நின்றுவிடும், எதிர் வரப்புக்கு அப்பால் மறுபடி தொடங்கும். மடையைத் திறந்துவிட்டால் வாய்க்கால் தண்ணீரும் அப்படித்தான், உள்ளே இறங்காமல் வந்த வழியே திரும்பிவிடும்.

காரணம் என்ன என்பதில் ஊருக்குள் சண்டையே கிடையாது. ஆற்றுத் தண்ணீரை இரண்டு மாநிலமும் பங்கு போட்டுக்கொள்வதற்காக, ஆற்றையே கணினிக்குள் கட்டிவைக்கிற வேலை அந்த வருடம் நடந்தது. அணையில் எவ்வளவு நிற்கும், எந்த மாதம் எவ்வளவு திறக்கலாம், எந்த வயலுக்கு எவ்வளவு உரிமை, எல்லாம் அதில் இருக்கும். மாடல் என்று அதற்குப் பேர். அதைச் செய்த இன்ஜினியர் சௌமியா, ஆபீஸில் உட்கார்ந்து பட்டாவைப் பார்த்து எழுதாமல் வெயிலில் வீடு வீடாக வந்து கேட்டாள். நல்ல பெண். காரியம் கெட்டதே அதனால்தான். அதிகாரி என்று யார் வந்து கேட்டாலும் நிலத்தைக் குறைத்துச் சொல்வது அந்த ஊர் வழக்கம். என்றைக்கோ வரிக்குப் பயந்து ஆரம்பித்தது, தண்ணீர் கொடுக்க வந்தவளிடமும் அதே வாய்தான் பேசியது. எல்லப்பன் மூன்று தென்னைகளை மறைத்தார். கெம்பம்மாவின் புருஷன் இறந்த பிறகு, அவனுடைய அண்ணன் கங்கப்பன் பேரில்தான் மூன்றரை ஏக்கரும் இருந்தது. "ரெண்டுங்க மேடம், அவ்ளோதான்" என்றார் அவர். பக்கத்தில் மோர்ச் சொம்போடு நின்ற கெம்பம்மாவும் தலையாட்டினாள். மறைத்த ஒன்றரை, கடைமடையில் இருந்த அவளுடைய பங்கு.

ஆவணியில் இரண்டு மாநிலமும் அந்தக் கணக்கில் கையெழுத்துப் போட்டன. அன்றிலிருந்து ஆறும் மழையும் அதற்குக் கட்டுப்பட்டன. மேலிருந்து வரும் சாக்கடை நுரைகூடச் சொன்ன நேரத்துக்கு வந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள், இங்கே ஏட்டில் இருந்த சுரைக்காய் மட்டும்தான் காய்த்தது. எல்லப்பனின் தென்னைகள் மூன்றும் பட்டுப்போயின. கெம்பம்மாவுக்கு மொத்த நிலமும் போனது. ஆயிரத்து இருநூறு அடி போர் போட்டாள், மாவு மாதிரி புழுதி வந்தது. இடுப்பில் குடம் சுமந்து போனாள், வரப்பைத் தாண்டும்போதே குடம் லேசாகிவிட்டது. மனு கொடுத்தாள், வாங்கிக்கொண்டார்கள்.

மூன்றாம் வருடம் சௌமியாவே வந்தாள். மழை பெய்துகொண்டிருந்தது. வரப்பின்மேல் நின்றவளுக்கு ஒரு தோள் நனைந்தது, மறுதோள் காய்ந்திருந்தது. அணையில் நிற்கிற தண்ணீர் முழுக்கப் பங்கு போட்டாயிற்று என்றும், மொத்தத்தைக் கூட்ட ஆற்றுக்கு மேலே இருக்கிற மாநிலம் சம்மதிக்காது என்றும் விளக்கினாள். பிறகு தயங்கி, "ஒரே வாய்க்காலுக்குள்ள மாத்தலாம்மா. உங்களுக்கு ஒன்றரை ஏக்கர் சேர்க்கணும்னா, இன்னொருத்தரோடதுல ஒன்றரை ஏக்கர் எடுக்கணும். யாரோடதுன்னு சொல்லுங்க" என்றாள்.

கங்கப்பன் பத்தடி தள்ளி நின்றிருந்தார். முட்டைக்கோஸ் அவருக்கு அந்த வருடம் நன்றாக விளைந்திருந்தது. அவர் வாய் திறப்பார் என்று கெம்பம்மா காத்திருந்தாள். அவர் கோஸையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குக் கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்தது. கோபம் வந்திருந்தால் நிலம் பிழைத்திருக்கும்.

"இல்லைன்னு நாங்கதானம்மா சொன்னோம்" என்றாள். "இல்லாமலே இருக்கட்டும்."

இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் பெட்டி ஒட்டுகிறாள். விடியும் முன்னே வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிலத்துக்கு வருவாள். புருஷனைப் புதைத்தது அங்கேதான். பக்கத்தில் உட்காருவாள், அழப் பார்ப்பாள், கண்ணில் ஒன்றும் வராது. அந்த நிலத்துக்கு அதுவும் ஒதுக்கவில்லை. அதனால் எழுந்து, வரப்பைத் தாண்டிக் கங்கப்பனின் கோஸுக்குள் போய் நின்று அழுவாள். அவர் பார்க்காத மாதிரி, மண்வெட்டியால் அடுத்த பாத்திக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருப்பார். அழுது முடித்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வரேன் மாமா" என்று சொல்லிவிட்டுப் போவாள்.