கேம் மல்லி

அப்பாவின் சவப்பெட்டித் தலைமாட்டில் அம்மா பாயில் இருந்தாள். அப்பாவின் தங்கை மாக்கிறேற் மாமி செபமாலை சொன்னபடி கால்மாட்டில். அயல் பெண்கள் குசினி வாசலை அடைத்துக்கொண்டு இருந்தார்கள். அப்பாவோடு கடல்தொழிலுக்குப் போனவர்கள் பந்தலுக்குள் வரவேயில்லை. படலைக்கு வெளியே பூவரசு நிழலில் குந்தியிருந்தார்கள். பந்தலில் வாடகைக்கு எடுத்துப் போட்ட கதிரைகளின் நடுவில் தம்பி ஜெனிஸ்ரன் மட்டும். அவனைச் சுற்றி எல்லாக் கதிரையும் காலி. நிமலினி செபத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டே அந்தக் கதிரைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சமாதான காலத்தில் பாதை திறந்தபோது, ரீவியில் கொழுவி விளையாடும் கேம் ஒன்றை அப்பா யாழ்ப்பாணத்தில் வாங்கி வந்தார். அன்றைக்குப் பிறகு ஜெனிஸ்ரன் பந்தடிக்கப் போகவில்லை. ‘கேம் விசரன்’ என்று பெடியள் பட்டம் வைத்தார்கள். வைத்தவர்களே பின்னேரங்களில் வந்து முறைக்குக் காத்திருந்தார்கள்.

பிறகு சண்டை மறுபடி தொடங்கியது. போன வருஷம் ஒருநாள் அவன் மறதியாகச் சத்தத்தைக் கூட்டி வைத்து விளையாட, கேமின் துவக்கு வெடிச் சத்தம் ஒழுங்கை முழுக்கக் கேட்டுவிட்டது. நேவி சுற்றி வளைத்தது. ஆம்பிளைகளை முழங்காலில் இருத்திவிட்டு உள்ளே வந்தவர்கள் ரீவியைக் கண்டு சிரித்தார்கள். அதில் இளையவன் ஒருவன் துவக்கைச் சுவரில் சாத்திவிட்டு, ஜெனிஸ்ரனுக்குப் பக்கத்தில் இருந்து ஒரு ஆட்டம் விளையாடினான். அந்தச் சிரிப்பு வெளியே முழங்காலில் நின்றவர்களுக்குக் கேட்டது. அடுத்த கிழமை அதே ஒழுங்கைப் பெடியன் ஒருவனை யாரோ வெள்ளை வானில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவன் திரும்பவில்லை. காட்டிக்கொடுத்தது ஜெனிஸ்ரன்தான் என்று ஊரில் அதற்குப் பிறகு ஒருவரும் அவனோடு கதைக்கவில்லை.

செபம் முடிய, அப்பாவின் வள்ளக் கூட்டாளி சவிரிமுத்து படலையடிக்கு வந்து அவளைக் கூப்பிட்டார்.

“பிள்ளை, வெள்ளென எடுத்தால்தான் ஊரடங்குக்கு முன்னம் திரும்பலாம்.”

“ஓம் மாமா. ஆர் ஆர் தூக்கிறது?”

“பஸ்ரியாம்பிள்ளை அண்ணையை நாங்கள் தூக்காமல் வேற ஆர்?” அவர் கதிரையில் இருந்த ஜெனிஸ்ரன் பக்கம் பார்த்தார். “ஆனா இவன் வரக்கூடாது.”

“அவர்ர மகன் மாமா அவன்.”

“எனக்குத் தெரியாதே? ஞானஸ்நானத்துக்குக் கையில ஏந்தினவன் நான். சென்ரியால போகேக்க அவங்கள் இவனைப் பாத்துப் பல்லைக் காட்டினால், கூடத் தோள் குடுத்த எங்களையும் ஆரோ குறிச்சு வைப்பான். அந்தப் பக்கமும் பாக்கினம், இந்தப் பக்கமும் பாக்கினம். என்ர வீட்டிலயும் ஒரு பெடியன் நிக்கிறான் பிள்ளை.”

“கேம் விசரனுக்கென்ன,” பின்னால் ஒரு குரல், “கேமில செத்தால் இன்னொரு உயிர் குடுப்பாங்களாம்.” யாரோ சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

நிமலினி போய்த் தம்பிக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தாள்.

“கேட்டனான்,” என்றான். “நான் ஒண்டும் சொல்லிக் குடுக்கேல்லை அக்கா. எந்தப் பட்டனை அமத்திறதெண்டுதான் அந்த நேவிக்காரன் கேட்டவன்.”

“எனக்குத் தெரியும்.”

“என்னையும் ஏத்திக்கொண்டு போவாங்களோ?”

அவள் அவனுடைய சேட்டின் கழுத்துப் பொத்தானைப் பூட்டப் போனாள். அது பூட்டித்தான் இருந்தது.

பெட்டி படலையைத் தாண்டியபோது அம்மா ஓடிவரவில்லை. மகனைத் தனிய விடப் பயந்து, அவன் கையைப் பிடித்தபடி வீட்டிலேயே நின்றுவிட்டாள்.

சென்ரிக் காவலரணில் நின்றவன் அதே இளைய நேவிக்காரன். தொப்பியைக் கழற்றினான். பெட்டியைச் சுமந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

“கேம் மல்லி எங்க?” அவன் பாஷையில் மல்லி என்றால் தம்பி. “அப்பா செத்தது. மல்லி வரல்லியா?”

நல்ல மனதோடுதான் கேட்டான். பெட்டி ஒரு பக்கம் சரிந்து நிமிர்ந்தது. பின்னால் வந்த சனம் முழுக்கத் தன் முதுகைப் பார்ப்பதுபோல நிமலினிக்கு இருந்தது.

“காய்ச்சல்,” என்றாள்.

மறுநாள் காலை பிரான்சில் இருக்கும் ஜெனோசன் அண்ணாவுக்குக் கடிதம் எழுத இருந்தாள். பள்ளிக்கூடத்தில் பழகியபடி வலப்பக்கம் ஊரும் திகதியும். பிறகு நலம் விசாரிப்பு. கடிதங்களை வழியில் உடைத்துப் பார்ப்பார்கள் என்று ஊரில் கதை. ‘அப்பாவின் காரியம் ஒரு குறையுமில்லாமல் நடந்தது. ஊர்ச்சனம் எல்லாம் வந்தது’ என்று எழுதினாள். பெட்டி தூக்கியவர்களின் பெயர்களை ஒழுங்காக எழுதும்போது முதலாவதாக ஜெனிஸ்ரன் என்று போட்டாள். கடைசியில், ‘தம்பிக்கு இங்கே படிப்புச் சரிவரவில்லை. இந்த மாதமே அவனைக் கூப்பிட வழி பாருங்கள் அண்ணா.’ ‘இந்த மாதமே’ என்பதன் கீழே கோடிழுக்கப் பேனையை வைத்தாள். கோடு மற்றவர்கள் கண்ணிலும் படும். பேனையை எடுத்துவிட்டாள்.

சோற்றுப் பருக்கையால் உறையை ஒட்டி, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போகவிருந்த ஜசிந்தா அக்காவிடம், அங்கே தபாலில் போடச் சொல்லிப் பஸ்தரிப்பில் கொடுத்தாள்.

“என்னடி பிள்ளை எழுதினனீ?”

“அப்பா செத்ததைத்தான் அக்கா.”

ஜசிந்தா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உறையைக் கைப்பைக்குள் வைத்தாள்.

காவலரணில் பஸ் நின்றது. எல்லோரும் இறங்கிப் பைகளைத் திறந்து பிடித்தார்கள். நிமலினி பனை மரத்தோடு ஒட்டி நின்று பார்த்தாள். நேவிக்காரன் ஒருவன் ஜசிந்தாவின் பைக்குள்ளிருந்து உறையை வெளியே எடுத்தான். முன்பக்கம் பார்த்தான், திருப்பிப் பின்பக்கம் பார்த்தான், வெயிலுக்கு நேரே ஒருமுறை பிடித்தான். பிறகு பைக்குள் போட்டான். பஸ் புறப்பட்டது.