பாலிசியில் இல்லாத பெயர்

முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கிவிட்டாள் என் ஓரகத்தி. கொழுந்தனைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நானோ டெஸ்ட்டுக்குப் போன தடவையெல்லாம் ரிவர்ஸில் கம்பத்தைத் தட்டிவிட்டுத் திரும்பியவள். "அந்தக் கம்பத்தையே கோணலா நட்டிருக்காங்க" என்றேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று மாமியார் சிரித்தார். அவளும் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டுதான், ஆனாலும் சிரித்தாள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

வீட்டுக்கு ஒரே கார். அதன் இன்ஷூரன்ஸ் வேலையெல்லாம் என் பொறுப்பு. ஏஜென்ட் போனில் தெளிவாகத்தான் சொன்னார்: "உங்க பாலிசி, பேரு போட்டவங்க ஓட்டினாத்தான் செல்லும். புதுசா லைசென்ஸ் வாங்கினவங்க பேரைப் பாலிசில சேர்த்தப்புறம்தான் வண்டிய எடுக்கணும்மா. சேர்க்காம எடுத்து எங்கயாவது இடிச்சா நாங்க கைய விரிச்சிடுவோம். லைசென்ஸ் போட்டோ அனுப்புங்க, உடனே சேர்த்திடலாம்."

போட்டோ என் போனில்தான் இருந்தது. அனுப்பவில்லை. தினமும் காலையில் அவள், "சேர்த்தாச்சாக்கா?" என்பாள். "அதெல்லாம் லேசுல ஆகுமா? ஆபீஸ்ல இழுத்தடிக்கிறாங்க" என்பேன். அவள் முகம் சுருங்கும். அன்றைக்கு எனக்குச் சோறு ஒரு பிடி கூடுதலாக இறங்கும்.

இன்று மதியம் என் மகள் மாடிப்படியில் உருண்டாள். மணிக்கட்டு பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது. ஆண்கள் இருவரும் வேலைக்குப் போயிருந்தார்கள். கூப்பிட்ட டாக்சி வருகிற வழியாக இல்லை. ஓரகத்தி சாவியை எடுத்துக்கொண்டு வாசல்வரை ஓடியவள், சட்டென்று நின்றாள்.

"அக்கா, பேரு சேர்ந்துடுச்சா? இல்லன்னா எனக்குப் பயமா இருக்கு."

மகள் வீறிட்டாள்.

"சேர்ந்தாச்சு. காலையிலதான் சொன்னாங்க. நீ எடுடி!"

பின்சீட்டில் மகளை மடியில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் போட்டோவை அனுப்பினேன். ஏஜென்டுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடவுளே, எதிலும் இடிக்காமல் போய்ச் சேரவேண்டும். திருப்பத்தில் ஒரு லாரி தடதடவென்று வந்தது. அவள் பதறவில்லை. ஒதுங்கி, வழிவிட்டு, மறுபடி எடுத்தாள். மகளின் கைகூடக் குலுங்கவில்லை. நாசமாய்ப் போக, எத்தனை அழகாக ஓட்டுகிறாள்! அந்த நேரத்திலும் எனக்குப் பொறுக்கவில்லை.

சிக்னலில் வண்டி நின்றது. அப்போதுதான் ஏஜென்ட் எடுத்தார். ஊருக்கே கேட்கிற குரல் அவருக்கு.

"சொல்லுங்கம்மா! புது டிரைவர் போட்டோ இப்பத்தான் வந்துச்சு. பேரு சேர்த்துடலாமா?"

பச்சை விழுந்தது. வண்டி நகரவில்லை. பின்னால் ஹார்ன்கள் கத்தத் தொடங்கின. பின்சீட்டைக் காட்டும் கண்ணாடியில் அவள் கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.