முதலில் சந்தேகிக்கப்பட்டவன்

1

இந்தக் கதையைக் கத்தரிக்காயோடு சேர்த்து வாங்கி வந்தேன். அமெரிக்காவில், மில்பிடாஸ் ஊர் இந்தியன் கடையில் ஒரு மூட்டைக் கத்தரிக்காயையும் ஒவ்வொன்றாகக் காதருகே வைத்து, உள்ளே புழு நடமாடுகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்த கிட்டுசாமிதான் இதைச் சொன்னார். (மூட்டை இல்லை, ஏழெட்டுக் காய். ரிட்டையரான பிறகு எனக்கு எதையும் சின்னதாகச் சொல்லவே வருவதில்லை. நான் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுப் படியுங்கள். எந்தப் பாதி என்பது உங்கள் சமர்த்து.)

பனி கொட்டிய ஓர் இரவில், பிரபுவின் மாளிகை நூலகத்தில்

வேண்டாம். மில்பிடாஸில் பனி கொட்டாது. கதை நடந்த அபார்ட்மெண்டில் பிரபுவும் இல்லை. இருந்தவர் பொள்ளாச்சியில் டெலிபோன் இலாகாவிலிருந்து ஓய்வுபெற்று, மகன் இனியனோடு வசிக்க வந்த கிட்டுசாமி.

2

வீட்டில் எல்லோரும் ஆபீஸ் போனபின் அவருக்குத் துணை, லைப்ரரியில் கழித்துவிட்ட பழைய இங்கிலாந்துக் கதைப்புத்தகங்கள். ஓநாயும் சூனியக்காரியும் உலவும் தேவதைக் கதைகள், பாதிரியார் வீட்டு ரோஜாச்செடிக்கடியில் பிணம் கிடக்கும் துப்பறியும் கதைகள் என்று மூன்று லாரி (இரண்டு பை) வாங்கி அடுக்கியிருந்தார்.

எதிர்வீட்டு சுஃபியானுக்கும் அதே கிறுக்கு. காயல்பட்டினத்துக்காரர். ஃபாக்டரியில் நைட் ஷிப்ட். இருவரும் ஒரே புத்தகத்தை மாற்றி மாற்றிப் படித்துக் கொலைகாரன் யாரென்று பந்தயம் கட்டுவார்கள். தோற்பவர் டீ போடவேண்டும். டீ போட்டே சுஃபியானுக்குக் கை தேய்ந்தது.

"முதல்ல யாரு மேல சந்தேகம் வருதோ, அவன் மட்டும் கொலைகாரன் இல்லீங்க தம்பி" என்று கிட்டுசாமி சூத்திரம் சொல்லிக்கொடுத்தார். "அவனைக் காப்பாத்தத்தானுங்க துப்பறியறவரே வர்றாரு."

"அப்போ என்னைய யாராச்சும் சந்தேகப்பட்டா நான் சேஃப்பா, அங்கிள்?"

"நூறு பர்சென்ட்."

3

தேவதைக் கதையில் ஓநாய் கதவைப் பிறாண்டும். இவர்கள் காலிங்பெல் அடித்தார்கள், மிதியடியில் ஷூவைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். [இந்த வாக்கியம் எனக்குப் பிடித்திருக்கிறது. அதனாலேயே அடிக்கவேண்டும். அடிக்க மனமில்லை.] அது இரண்டாயிரத்தொன்று, அந்தச் செப்டம்பர் கழிந்து குளிர் தொடங்கிய சமயம். கோட்டுப் போட்ட இருவர், அரசாங்க ஆட்கள்.*

எதிர்வீட்டுக்காரரைப் பற்றி இரண்டொரு கேள்வி என்றார்கள். கிட்டுசாமிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. ஆயுள் முழுக்க வாசகராக இருந்தவரை ஒரு அத்தியாயமே வீடு தேடி வந்து கூப்பிடுகிறது! டீ போட்டுக் கொடுத்தார். சுஃபியான் இருட்டியதும் கிளம்பி விடிந்துதான் திரும்புவார் என்றார். நைட் ஷிப்ட் என்பதை விழுங்கிவிட்டார். அதைச் சொன்னால் அத்தியாயம் அங்கேயே செத்துவிடுமே. சுஃபியானின் மனைவி சாலிஹாவுக்கு வந்த தையல் மெஷின், கனமான மர்மப்பெட்டி ஆயிற்று. போனில் குரலைத் தாழ்த்திப் பேசுவார் என்றார். பக்கத்தில் குழந்தை தூங்கும் என்பதைச் சொல்லவில்லை. கடைசியில், அந்தப் புத்தகங்களில் கற்ற இங்கிலீஷில் குனிந்து சொன்னார்: "மோஸ்ட் பெக்யூலியர், சார்."

அவர்கள் குறித்துக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் நான் ஒரு சொட்டுக்கூடக் கூட்டவில்லை. கூட்டியதெல்லாம் அவர்.

சுஃபியான் மேல் அவருக்கு ஒரு வன்மமும் கிடையாது. சந்தேகத்தைச் சிநேகிதர் மேல் தூவினால்தானே சிநேகிதர் பத்திரம்! கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் ஹாலில் உட்காரவைத்து உண்மையைச் சொல்லிவிடுவார்கள். மறுநாள் டீ குடிக்கும்போது சொல்லிச் சிரிக்கலாம் என்று காத்திருந்தார்.

மறுநாள் சுஃபியான் டீக்கு வரவில்லை. ஃபாக்டரி பார்க்கிங்கிலேயே ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். விசா பேப்பரில் ஏதோ இடறுகிறது என்றார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியவே பல வாரம் ஆயிற்று.

நடந்ததைக் கேட்ட இனியன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். பிறகு எழுந்து ஜன்னல் திரைகளை இழுத்து மூடினான். "அப்பா, நம்ம க்ரீன் கார்டு இப்பத்தான் அப்ளை பண்ணியிருக்கு. இதைப் பத்தி யாருகிட்டயும் வாயைத் தொறக்காதீங்க."

* எந்த இலாகா என்று கிட்டுசாமி சொன்னார். நான் எழுதவில்லை. பயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

4

முடிவு ஒன்று: எல்லோரும் ஹாலில் கூடுகிறார்கள். ஒருவர் பைப்பைப் பற்றவைத்துக்கொண்டு

எழுதிக் கிழித்துவிட்டேன். அப்படியொரு ஹாலை இங்கே யாரும் கட்டவேயில்லை.

முடிவு இரண்டு: ஓநாய் விழுங்கிய மனிதர் முழுசாக, கசங்காத சட்டையோடு வெளியே

குழந்தைகளுக்குச் சொல்லலாம். சாலிஹா தன் குழந்தைக்கு அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முடிவு மூன்றை நான் எழுதவில்லை. அது வாசலுக்கே வந்தது.

5

சாலிஹா வந்தபோது அவள் கையில் சுஃபியான் படித்துக்கொண்டிருந்த புத்தகம் இருந்தது. பாதியில் ஒரு பக்கம் மடித்திருந்தது.

"அங்கிள், அவங்க நேத்து போன் பண்ணாங்க. கொஞ்ச நேரந்தான் பேச விட்டாங்க. இந்த புக்ல கொலைகாரன் யாருன்னு உங்ககிட்ட கேட்டு வைக்கச் சொன்னாங்க. அடுத்த தடவை சொல்லணுமாம்."

கிட்டுசாமிக்கு அந்தப் புத்தகம் மனப்பாடம். அதில் கொன்றது பக்கத்துவீட்டுப் பெரியவர். விசாரிக்க வந்தவர்களுக்கு டீ கொடுத்து, கேட்காததையும் சொன்னவர். (இது நான் ஜோடித்தது என்று நினைப்பீர்கள். பாதியைத் தள்ளச் சொன்னேன் அல்லவா? இந்தப் பாதியைத் தள்ளாதீர்கள்.)

அவர் புத்தகத்தை வாங்கிக்கொள்ளவில்லை. அவளே பேசினாள். "யாரோ எங்களைப் பத்தி என்னென்னமோ சொல்லி வச்சிருக்காங்க, அங்கிள். சொன்னவங்களே வந்து அது சும்மா கதைதான்னு ஒத்துக்கிட்டா கேஸுக்கு ரொம்ப ஹெல்ப்பா இருக்கும்னு லாயர் சொல்றார். உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?"

உள்ளறையில் இனியன் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றுபோயிற்று.

"என்ன சொன்னீங்க?" என்று கடையில் நான் கேட்டேன். கிட்டுசாமி ஒரு கத்தரிக்காயைக் காதருகே வைத்தவர், வெகுநேரம் எடுக்கவேயில்லை.

ஆகவே அந்த வாசலை என்னால் தாண்ட முடியவில்லை. நான் தாண்டினால் கூட்டிவிடுவேன். அழவைப்பேன், காலில் விழவைப்பேன். கூட்டியது போதும். அவர் நின்ற இடத்தில் நீங்கள் நில்லுங்கள். முதுகுக்குப் பின்னால் மகனின் மௌனம். முன்னால் அவள், மடித்த பக்கத்தைப் பிரித்துப் பிடித்தபடி.

"சொல்லுங்க அங்கிள். யாரு?"