கயிறு அறுக்கும் கை

கசாக் மக்களான நாங்கள், பிள்ளைக்கு நடை வந்ததும் இரண்டு கால்களையும் கறுப்பும் வெள்ளையுமாக முறுக்கிய கயிற்றால் சேர்த்துக் கட்டி, ஒருவரை அழைத்து அறுக்கச் சொல்வோம். அறுப்பவரின் சுறுசுறுப்பு பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது நம்பிக்கை. அல்மாத்தியில் என் மனைவியின் அக்கா தோக்ஜானைவிட அதற்குப் பொருத்தமானவர் யார்? வக்கீல். தொம்ரா என்னும் இருதந்தி வாத்தியம் வாசிப்பார். மலை ஓட்டத்தில் மூன்று பதக்கம். கொரிய மொழி வேறு படித்துக்கொண்டிருந்தார். எங்கள் சொந்தத்தில் நான்கு பிள்ளைகளுக்கு அவர்தான் அறுத்தார்.

மார்ச்சில் ஒருநாள் நீதிமன்றப் படியில் உட்கார்ந்தவரால் எழ முடியவில்லை. ஓயாத வேலையால் வந்த களைப்பு என்றார் மருத்துவர்; அன்றிலிருந்து விடுப்பு. தொம்ரா உறைக்குள்ளேயே கிடந்தது.

"என்னால முடியறது இது ஒண்ணுதான் ஜனார். உன் பையனுக்குக் கயித்த நான்தான் அறுப்பேன்" என்று என் மனைவியிடம் சொன்னார். ஜனார் வாக்குக் கொடுத்தாள்.

ஆனால் அவருக்குச் சும்மா இருக்கத் தெரியாது. களைப்பையும் ஒரு வேலையாக எடுத்துக்கொண்டு தினமும் காலை ஆறு மணிக்கு இன்ஸ்டாகிராமில் எழுதினார்: 'ஓய்வின் நாற்பதாம் நாள். பல் துலக்கக் கிளம்பவே ஒரு மணி நேரம் ஆனது.' பதினோராயிரம் பேர் படித்தார்கள். என் அம்மாவும் படித்தாள்.

விழாவன்று விரிப்பின் மேல் மகன் கயிற்றோடு நின்றான். தோக்ஜான் கையை நீட்டினார். அம்மா கத்தியைக் கொடுக்கவில்லை.

"நீ உக்காரு கண்ணு. பல்லு விளக்கவே ஒரு மணி நேரம் ஆவுதாமே உனக்கு. அது என் பேரனுக்கு எதுக்கு?"

கூடம் சிரித்தது. டயர் கடை வைத்திருக்கும் என் சித்தி மகன் பெய்புத், வாயில் அடக்கிய பவுர்சாக் பணியாரத்தோடு எழுந்தான்.

"நான் அறுக்கறேன் பெரியம்மா. களைப்புன்னா என்னன்னே எனக்குத் தெரியாது. வேலை செஞ்சாத்தானே!"

தோக்ஜான் தங்கையைப் பார்த்தார். ஜனார் குனிந்து பையனின் காலுறையைச் சரிசெய்தாள்.

"கோவிச்சுக்காதக்கா. எனக்கு இவன் ஒருத்தன்தான்."

நான் விரிப்பின் மடிப்பை நீவிவிட்டேன்.

பெய்புத் அறுத்தான். பையன் நான்கடி ஓடி, நேராகத் தோக்ஜானின் மடியில் விழுந்தான். அம்மா அவனைத் தூக்கி, தூசு தட்டுவதுபோல் அவன் கால்களைத் தட்டினாள். தோக்ஜான் தேநீர்கூடக் குடிக்காமல் கிளம்பினார்.

மறுநாள் காலை அம்மா கைப்பேசியோடு சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். மணி ஏழரை.

"என்னடா, ஜனாரோட அக்கா இன்னைக்கு ஒண்ணுமே எழுதல?" என்றாள். அவள் குரலில் ஏமாற்றம் மட்டும்தான் இருந்தது.