மேட்டுத் தோட்டத்துப் பெண்

சிங்கப்பூரில் இருக்கும் நான்கு நாளாவது யாரும் என்னை எந்த ஊர், எந்தத் தோட்டம் என்று கேட்கமாட்டார்கள் என்று நம்பித்தான் விமானம் ஏறினேன். அங்கேயும் ஒரு கொங்குநாட்டுக்காரர் கம்பெனி வைத்திருப்பார் என்பது என் மரமண்டைக்குத் தோன்றவில்லை.

எங்கள் கோயமுத்தூர்க் கல்லூரியில் எம்.பி.ஏ. கடைசி வருஷத்துக்காரர்களை வெளிநாட்டுக்குக் கம்பெனி பார்க்க அழைத்துப் போவார்கள். காலையில் கம்பெனி, சாயங்காலம் ஊர்சுற்றல். அன்றைக்குப் போனது சென்னியப்பன் என்பவரின் கம்பெனிக்கு. பம்புசெட்டுகளுக்கு கன்ட்ரோல் போர்டு செய்து பல நாடுகளுக்கு அனுப்புகிறார். வருஷா வருஷம் எங்கள் கல்லூரியிலிருந்து ஒருவரைப் பயிற்சிக்கு எடுத்து, பிறகு அங்கேயே வேலையும் கொடுப்பார். அந்த வேலை எனக்கு வேண்டும். வேறு எதையும் நான் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

புது ஊரில் போர்டை எப்படி விற்பது என்று ஒவ்வொருவரையும் பேசச் சொன்னார். மற்றவர்கள் விளம்பரம், ஆப் என்று பேசினார்கள். விவசாயி விளம்பரத்தை நம்பமாட்டார், மோட்டார் புகைந்தால் ஓடி வந்து எரிந்த காயிலை மாற்றிக் கட்டிக் கொடுக்கிற மெக்கானிக்கைத்தான் நம்புவார், அதனால் முதலில் அந்த மெக்கானிக்குகளைப் பிடியுங்கள் என்றேன் நான். சென்னியப்பன் எழுந்து நின்று கைதட்டினார். எங்கள் பேராசிரியை கீதா மேடம் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அதோடு விட்டிருக்கலாம் மனுஷன். ஊர் எது என்று கேட்டார். சூலூர்ப் பக்கம் என்றேன். பக்கம் என்றால் எங்கே என்றார். கிராமத்தைச் சொன்னேன். அவர் முகமெல்லாம் பல்.

"எந்தத் தோட்டம்ங்க அம்மணி?"

எங்கள் பக்கத்தில் வீடுகளுக்குத் தோட்டத்தின் பெயர்தான் விலாசம். நிலம் வைத்திருப்பவரும் அந்தப் பெயரைத்தான் சொல்வார், அங்கேயே சாளை என்கிற குடிசை போட்டுக்கொண்டு வேலை செய்கிறவரும் அதைத்தான் சொல்வார். நான் பிறந்தது மேட்டுத் தோட்டத்தில். அதைச் சொன்னேன்.

"அட, அப்புசாமி தோட்டம்! எம்பட பங்காளி ஊட்டுப் புள்ளையா நீ! அதான பாத்தேன். நம்ம ரத்தம், மூளை எங்க போகும்?"

இல்லைங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். என் நிலைமை தெரிந்த ஒரே தோழி யுவஸ்ரீ, பக்கத்தில் நின்றவள், கையை நறுக்கென்று கிள்ளினாள். அதற்குள் அவர் கீதா மேடத்திடம், இந்த வருஷம் ஆளெடுத்தாயிற்று, எங்கள் பெண்ணையே எடுத்துக்கொண்டேன் என்று சொல்லிவிட்டார். எல்லாரும் கைகொடுத்தார்கள். வேலை கிடைத்தது. என் பேச்சுக்கு இல்லை, அப்புசாமியின் ரத்தத்துக்கு.

சாப்பாட்டு நேரத்தில் கழிப்பறைக்குள் நின்றுகொண்டு அப்பாவுக்கு போன் செய்தேன். அப்பா காளிச்சாமி அந்த அப்புசாமியிடம் மேட்டுத் தோட்டத்தில் பண்ணையாளாக இருந்தவர். இப்போது சூலூரில் தறி ஓட்டுகிறார். தறிச் சத்தத்தில் நான் சொன்னதை மூன்று தரம் கேட்டுப் புரிந்துகொண்டார். நாமா பொய் சொன்னோம், அவர்களாக நினைத்துக்கொண்டார்கள், வாயைத் திறக்காதே கண்ணு என்றார். அப்பாவின் குரலில் இருந்தது பயம். அந்தப் பயத்திலிருந்து தப்பிக்கத்தான் நான் படித்ததே. இப்போது அது சிங்கப்பூர் வரைக்கும் கூட வந்து உட்கார்ந்துகொண்டது.

சாயங்காலம் ராட்சத ராட்டினம். அதில் தொட்டிலுக்குப் பதில் கண்ணாடி அறைகள். மற்ற பிள்ளைகளை எல்லாம் ஓர் அறையில் ஏற்றிவிட்டு, எனக்கும் கீதா மேடத்துக்கும் தனக்கும் தனி அறை பிடித்திருந்தார் சென்னியப்பன்.

நகர்வதே தெரியாமல் மேலே போனோம். கீழே கடல், கப்பல்கள். நான் எதையும் பார்க்கவில்லை. அவர் பேசிக்கொண்டே இருந்தார். தான் எனக்குப் பெரியப்பன் முறை என்றார். தை மாசம் கோயிலுக்கு வரும்போது எங்கள் வீட்டில்தான் சாப்பாடு என்றார். நான் அப்புசாமிக்குத் தம்பி மகளா என்று கேட்டார். கீதா மேடம் வேறு, சொல்லேன் கயல், ஏன் வெட்கப்படுகிறாய் என்றார். கண்ணாடியை உடைத்துக்கொண்டு குதித்துவிடலாம் போலிருந்தது.

உச்சிக்குப் போனதும் அவர் போனை எடுத்தார். "இருங்க, அப்புசாமிக்கே வீடியோ போட்டுக் காட்டுவோம். ஆயிரம் சொன்னாலும் நம்மாளுக புத்தி மத்தவிங்களுக்கு வருமுங்களா மேடம்?"

அதுவரைக்கும் எனக்கு இருந்தது பயம். அந்த ஒரு வார்த்தையில் அது ஆத்திரமாகிவிட்டது.

"எங்கப்பா அந்தத் தோட்டத்துக்குச் சொந்தக்காரர் இல்லீங்க. அங்க பண்ணையத்துல இருந்தவருங்க. நாங்க உங்க பங்காளி இல்லீங்க."

அவர் போய்க்கொண்டிருந்த அழைப்பை அவசரமாகத் துண்டித்தார். கீதா மேடம் கடலைப் பார்த்தார். போன் திரும்ப அடித்தது. திரையில் அப்புசாமியின் பெயர். சென்னியப்பன் எடுக்கவில்லை.

"எடுங்க. அவருக்கு என்னை நல்லாத் தெரியும்ங்க," என்றேன். "ஆனா, காலையில நான் பேசுனது எம்பட மூளைங்க. அதை ஆரு ரத்தத்துலயும் சேத்துப்போடாதீங்க."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். கதவைப் பார்த்தார். அப்புறம் கீதா மேடத்திடம், கீழே இறங்க இன்னும் எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார்.