மாமாவின் இலையில் எதை வைப்பது

1

இது ஒரு கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. மகள் ஜெயப்பிரியாவின் கல்லூரி மலருக்குப் பெற்றோரிடமும் எழுதித் தரக் கேட்டிருந்தார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: 'மூத்தோரைப் போற்றுவோம், தமிழ்ப் பண்பாடு காப்போம்.' உட்கார்ந்து எழுதினேன்.

விருந்தோம்பல் தமிழரின் தலையாய பண்பு. எங்கள் மாமனார் உலகநாதன் அவர்கள், வீட்டுக்கு வந்த எவரையும் பசியோடு —

அங்கேயே நின்றுவிட்டது. பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வரிகளில் மாலை போட்டு மாட்டிய படம் இருந்ததே தவிர, மாமா இல்லை. ஆகவே கதையாக எழுதுகிறேன். இதில் வரும் விஜயகுமாரி நான்தான். 'நான்' என்று எழுதினால் மூன்றாம் வரியில் மூக்கைச் சிந்த எழுந்து போக வேண்டியிருக்கிறது. 'அவள்' என்றால் கொஞ்சம் தாங்குகிறது.

2

தொடக்கம், முதல் முயற்சி: செய்யூர்ச் சவுக்குத் தோப்புகளின் மேலே காற்று —

(வேண்டாம். காற்றுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.)

இரண்டாம் முயற்சி: உலகநாதன் இறந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. அன்று முதல் வருஷப் படையல். இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, உச்சிப்பொழுதுக்குள் தலைவாழை இலையில் படைக்க வேண்டும். பதினாறாம் நாள் காரியத்தில் சமையல்காரர் செய்ததை அப்படியே வைத்தார்கள். அன்று யாருக்கும் யோசிக்கத் தெம்பில்லை. இந்த முறை தானே சமைப்பதாக விஜயகுமாரி சொல்லிவிட்டாள். ஒன்றுகூடத் தப்பக் கூடாது என்று பிடிவாதம். அந்த மனிதருக்கு அவளால் திருப்பிச் செய்ய முடிந்தது இனி இது ஒன்றுதான்.

(ஏன் என்று சொல்லிவிடுகிறேன். அவள் கணவர் ரஞ்சித்குமார் இறந்துபோனபோது மகளுக்கு ஆறு வயது. கணவரின் வேலை அவளுக்குக் கிடைத்தது, மதுராந்தகத்தில். "புள்ளய வச்சிகினு எப்படி மாமா போவேன்?" என்றாள். "பஸ்லதான் போவணும்" என்றார் அவர். அவ்வளவுதான் பேச்சு. மறுநாளிலிருந்து பேத்திக்கு அவர்தான் தலை பின்னினார். இரண்டு சடையும் ஒரே உயரத்தில் இருந்ததே இல்லை. ஆனால் பள்ளிக்கூட மணி அடிக்கும்போது சடை போட்டிருக்கும், பிள்ளை வரிசையில் நிற்கும்.)

3

ஏழு இருபதுக்குப் பஸ். அதற்குள் ஆகக்கூடியது ரவை உப்புமாதான். "எனக்கு உப்புமான்னா உசுரும்மா" என்று முதல் வாரமே சொல்லிவிட்டார். அதை நம்பி அவள் பதினோரு வருஷம் காலையில் உப்புமா கிண்டினாள். ஆகவே படையலன்றும் முதலில் ரவையைத்தான் வறுத்தாள்.

மாமல்லபுரத்திலிருந்து அவருடைய தங்கை கன்னியம்மா தூக்குச்சட்டியோடு வந்து இறங்கினார். நேராக அடுப்படிக்கு வந்தார்.

"இன்னாடி கிண்டிகினு கீற?"

"உப்புமா அத்தை. மாமாவுக்கு உசுராச்சே."

"யாருக்கு, எங்கண்ணனுக்கா? ரவை வாசனை வந்தாலே எழுந்து ஓடுவான்டி. சின்னப்புள்ளைல ஜொரத்துக்கு ரவைக் கஞ்சியா ஊத்தி ஊத்தி, தீவாளிக் கேசரியக்கூடத் தொட மாட்டான். யாராண்ட கதை உடுற?"

கரண்டி நின்றுவிட்டது.

"அவனுக்கு மத்தி மீன் கொழம்புதான். என் வூட்டுக்கு வந்தா வாயத் தொறந்து கேப்பான். இதோ, ஆக்கி எடுத்தாந்துகீறேன்."

வாசலில் இலை நறுக்கிக்கொண்டிருந்த தீனதயாளன் நிமிர்ந்தார். உலகநாதனோடு முப்பது வருஷம் லாரியில் கடலை மூட்டை ஏற்றியவர்.

"மத்தியா? இன்னா கன்னிம்மா நீ! முள்ளு மீனுக்கு அவன் தூரத்துலேர்ந்தே கும்புடு போடுவான். தொண்டையில முள்ளு மாட்டிகினு அவன் தவிச்சப்ப, செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வரைக்கும் லாரிய ஓட்டினு போனது யாரு, உன் புருசனா? அவனுக்கு வேக வச்ச கடலைதான். நான் வாங்கிக் குடுத்தா ஒண்ணு மிஞ்சாது."

ஜெயப்பிரியா சிரித்துவிட்டாள். "அதெல்லாம் பையில போட்டுகினு வந்து எனக்குத்தான் குடுப்பாரு தாத்தா. பல்லுல மாட்டுதாம். தாத்தாவுக்குப் புடிச்சது நான் செய்ற நூடுல்ஸ்தான்."

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"அவரேதான் சொன்னாரு, உசுருன்னு..." அவள் குரல் பாதியில் தேய்ந்தது.

கன்னியம்மா தூக்குச்சட்டியை மெதுவாகக் கீழே வைத்தார். "கல்பட்டறையில எங்கூட்டுக்காரருக்கு வாரத்துல மூணு நாள்தான் அப்ப வேலை. மத்திதான் எங்களுக்குக் கட்டுப்படி ஆச்சு" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. "அத்தத் தெரிஞ்சிகினுதான் கேட்டுகீறான், படுபாவி."

4

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம்: இவ்வளவு நல்லவர் ஒருவர் இருப்பாரா? எழுதும்போது எனக்கே வந்தது. எழுதிவிடுகிறேன்: டிவி ரிமோட்டுக்காக என்னோடு ஒன்பது நாள் பேசாமல் இருந்திருக்கிறார். குளியலறை விளக்கை ஒருநாளும் அணைத்ததில்லை. தீனதயாளனைச் சீட்டாட்டத்தில் ஏமாற்றுவார். போதுமா?

விருந்து வைப்பதைப் பண்பாடு என்று எல்லாரும் எழுதுகிறோம். வைத்ததை உண்பவரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஒரு வீட்டால் எது முடியுமோ, அதுதான் தனக்குப் பிடிக்கும் என்று சொல்லி, அந்த வீட்டாரைத் தலைநிமிர வைப்பதற்கு என்ன பெயர்? எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெயர் தெரிந்திருந்தால் கல்லூரி மலருக்குக் கட்டுரையே கொடுத்திருப்பேன். தெரிந்தது ஒன்றுதான். அந்தப் பதினோரு வருஷத்தில், காலை பஸ்ஸில் ஏறும்போது நான் ஒருநாளும் குற்ற உணர்ச்சியோடு ஏறவில்லை. அந்த நிம்மதியை அவர்தான் எனக்குச் சமைத்துப் போட்டிருக்கிறார்.

அவருக்கு உண்மையிலேயே என்ன பிடிக்கும்? கதைதானே, ஒன்றைக் கண்டுபிடித்துவிடலாம்: பரணில் இருந்த பழைய பெட்டியைத் திறந்தபோது, அவர் கையெழுத்தில் ஒரு —

அடித்துவிட்டேன். படையல் இலையில் பொய்யை வைக்க எனக்குக் கை வராது. நான் அவரை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. எனக்குத் தெரியாது.

5

மணி பதினொன்றே முக்கால். இலை போட்டாகிவிட்டது. மத்திக் குழம்பு, வேகவைத்த கடலை, ஜெயப்பிரியா அவசரமாகச் செய்த நூடுல்ஸ் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. விஜயகுமாரியின் கையில் உப்புமாச் சட்டி.

"இன்னாடி முழிச்சிகினு நிக்கிற? பொழுது ஏறுது பாரு."

"அத்தை, இத்த வைக்கவா, வாணாமா?"

"என்னைக் கேட்டா? ஆக்கிப் போட்டவ நீ."

ஒரு முடிவில், அவள் எதையும் வைக்கவில்லை. வெறும் சோறும் பருப்பும் நெய்யும் மட்டும். ஆயுசு முழுக்க நமக்காகச் சாப்பிட்டார், இன்றைக்காவது தப்பித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறாள்.

இன்னொரு முடிவில், நான்கையும் வைக்கிறாள். பிடித்ததோ இல்லையோ, வாயால் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர் அவர்தானே. அதை இல்லையென்று ஆக்க நாம் யார்?

இரண்டையும் முழுதாக எழுதி, மனத்துக்குள் அவர் முன்னால் வைத்துப் பார்த்தேன். எதை வைத்தாலும், "இதாம்மா எனக்கு உசுரு" என்கிறார். இப்படி ஒருவரை வைத்துக்கொண்டு நான் எப்படிக் கதையை முடிப்பது?

உப்புமா இன்னும் சூடாக இருக்கிறது. கையைக் கழுவிக்கொண்டு வாருங்கள். நீங்கள் பரிமாறுங்கள்.