எங்கள் தெருவைக் காணோம்

என் அக்கா இந்த நாட்டுக்கு வந்து பத்திரிகையில் சேர்ந்ததும், குடியேறியவர்களைப் பற்றிய செய்தியெல்லாம் அவள் தலையில்தான் விழுந்தது. லீவில் இருந்தாலும் ஆசிரியர் போன் போட்டு, "உங்க ஆளுங்க என்ன நினைக்கிறாங்க?" என்பார். அலுத்துப்போய் வேலையை விட்டுவிட்டு, இந்த ஊர்ப் பாதாளச் சாக்கடையின் வரலாற்றைத் தடித்த புத்தகமாக எழுதினாள். சாப்பாட்டு நேரத்தில்கூட வீட்டில் அதே பேச்சு. அத்தான் இளைத்துப்போனார்.

வெளியீட்டு விழாவில் முதல் கேள்வி, "சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போகணும்னு தோணுதா?" இரண்டாவது கேள்வியும் அதுதான், கொஞ்சம் மரியாதையாக. அக்கா சிரித்து வைத்தாள்.

கடைசி வரிசையிலிருந்து தையல் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா எழுந்தார். "புத்தகம் பூரா தேடிட்டேன், எங்க தெருவைக் காணோமே? மழை பெஞ்சா சாக்கடை என் கடைக்குள்ளதான் வருது. இத்தனை வருஷமா இந்த ஊர்ல இருக்கீங்க, இதுகூடத் தெரியாதா?"

அரங்கம் நெளிந்தது. அக்காவுக்கு முகமெல்லாம் பல். "தப்புதாம்மா. எந்தத் தெரு?" என்று மேடையை விட்டே இறங்கிவிட்டாள்.

மறுநாள் தூறலில் இருவரும் அந்தத் தெருச் சாக்கடைக்குள் எட்டிப் பார்த்து, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு குடை பிடித்தேன்.